6,270 இறாத்தல்: காணாமற்போன ஒரு வரி

எண்பதுகளின் நடுப்பகுதி வரை வெளிவந்த கின்னஸ் சாதனைப் புத்தகங்களில் ஒரு வரி இருந்தது. மனிதர் ஒருவர் தூக்கிய ஆகக்கூடிய நிறை 6,270 இறாத்தல், அதாவது 2,844 கிலோகிராம். தூக்கியவர் அமெரிக்கரான போல் அண்டர்சன். இடம் ஜோர்ஜியா மாநிலத்தின் ரொக்கோவா என்னும் சிற்றூர். நாள் 1957 ஜூன் 12. பின்வந்த பதிப்புகளில் அந்த வரி இல்லை. யாரும் அதை முறியடித்ததாகவும் இல்லை. அதற்குப் பதிலாகப் பின்னாளில் ஏறிய எண் அதைவிடக் குறைந்தது. சாதனைப் புத்தகத்தில் எண்கள் ஏறுவதுதான் வழக்கம். இங்கே ஓர் எண் இறங்கியிருந்தது.

பளுதூக்கல் வரலாறு என்னுடைய துறை அன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டு விளையாட்டு வீரர் பற்றிய அச்சுச் சான்றுகளைத் திரட்டுவதே என் வேலை. வல்வெட்டித்துறை நீச்சல் வீரர் ஆழிக்குமரன் ஆனந்தனின் பெயர் கின்னஸ் புத்தகத்தின் எந்தெந்தப் பதிப்பில், எந்தெந்தத் தலைப்பில், என்ன சொற்களில் வந்திருக்கிறது என்று பார்க்கப் புறப்பட்டேன். ஆனந்தனுடைய பக்கங்களுக்குப் போகும் வழியில்தான் அண்டர்சன் குறுக்கிட்டார்.

யாழ்ப்பாணத்தில் பழைய கின்னஸ் புத்தகம் தேடுவது சுலபமான காரியமில்லை. 1981 ஜூன் மாதத் தொடக்கத்தில் யாழ் பொதுநூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாகின. அதே நாட்களில் ஈழநாடு அலுவலகமும் எரிந்தது. உள்ளூர் விளையாட்டுச் செய்திகளை ஆண்டுக்கணக்காக அச்சிட்டுவந்த பத்திரிகை அது. எஞ்சியவை பாடசாலை நூலக அலுமாரிகளிலும் தனியார் வீடுகளிலும் கிடந்தன. அவற்றிலும் பாதி இடப்பெயர்வுகளில் போயின. நூலகம் நிறுவனம் 2005இலிருந்து இணையத்தில் ஏற்றிவரும் சேகரத்தில் எங்கள் சஞ்சிகைகளும் மலர்களும் ஆயிரக்கணக்கில் கிடைக்கும். ஆனால் இங்கிலாந்தில் அச்சான ஓர் ஆங்கிலப் பொது அறிவுப் புத்தகத்தை எங்கள் ஆவணம் என்று யார் நினைப்பார்கள்? ஆகவே வீடுகள்தான் கதி.

வடமராட்சியில் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவரிடம் சில பதிப்புகள் இருந்தன. ஒன்றின் முதுகுப் பட்டி கழன்று, சீனிப்பாகுப் பசையால் ஒட்டப்பட்டிருந்தது. அந்தப் பசையின் இனிப்புக்கு வந்த பூச்சிகள் ஓரங்களை அரித்திருந்தன. மனித ஆற்றல் பகுதியில் மட்டும் பக்கங்கள் கைபட்டுக் கறுத்திருந்தன. அண்டர்சனின் வரிக்குக் கீழே பென்சிற்கோடு. பக்கத்தில், எத்தனை அந்தர் என்று யாரோ ஒரு மாணவன் பிரித்துப் பார்த்த கணக்கு. 112ஆல் வகுத்து, கிட்டத்தட்ட 56 அந்தர் என்று சரியாகவே போட்டிருந்தான்.

“இந்த வெள்ளைக்காரனை ஏன் தேடுறீர்? ஆனந்தனைப் பற்றியெல்லோ எழுதப்போறன் எண்டு சொன்னனீர்?” என்றார் மாஸ்ரர்.

“அதுக்குத்தான் மாஸ்ரர் வந்தனான். இந்த மனிசன் இடையிலை நிண்டு மறிக்கிறார்.”

“அவன் தூக்கினவன்தான். ஒலிம்பிக்கிலை தங்கம் எடுத்தவன் பொய் சொல்லுவானே?”

அவர் கேட்டது நியாயமான கேள்வி. புத்தகமும் அதே நியாயத்தில்தான் நின்றது. பெயருக்குப் பின்னால் 1956 ஒலிம்பிக் அதிபாரப் பிரிவு வெற்றியாளர் என்ற அடைமொழி இருந்தது. மத்தியஸ்தர் பெயரோ, தராசைப் பற்றிய பேச்சோ, பார்த்து உறுதிசெய்த சங்கத்தின் பெயரோ அந்த வரியில் இல்லை. அந்த இடத்தை அடைமொழியே நிரப்பியது. எனவே முதலில் அடைமொழியைச் சோதித்தேன்.

அது உறுதியாக நின்றது. 1932இல் ரொக்கோவாவில் பிறந்த அண்டர்சன், 1955 ஜூன் 15இல் மொஸ்கோவின் கோர்க்கி பூங்காவில் சோவியத் அணிக்கு எதிராக மேடையேறினார். பனிப்போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் அமெரிக்கப் பளுதூக்கல் அணியொன்று அங்கே போனதே செய்தி. அன்று நின்றபடி தோளிலிருந்து தலைக்கு மேலே தள்ளும் பிரஸ் முறையில் சோவியத் வீரர் மெத்வெதெவ் 150 கிலோ தூக்கினார். பின்னர் வந்த அண்டர்சன் 182.5 கிலோவைத் தூக்கினார். மேலே நான்கு ஐந்து கிலோ ஏற்றிப் பார்க்கும் விளையாட்டில் இது ஒரே தாவலில் 32.5 கிலோ. சோவியத் பார்வையாளர் அவரை இயற்கையின் அற்புதம் என்று அழைத்த கதை இந்த மாலையிலிருந்துதான் வருகிறது. ஆவணம் தேடுபவனுக்கு இதில் பெரிய வசதி ஒன்று உண்டு. தோற்ற தரப்பே எழுதிவைத்த சாட்சி இது. எதிராளியின் கணக்குப் புத்தகத்தில் நம்முடைய வரவு பதிந்திருந்தால் அதற்குமேல் என்ன வேண்டும்?

அதே ஆண்டு ஒக்ரோபரில் மியூனிச் உலகச் சாம்பியன்ஷிப். அன்றைய மூன்று தூக்கல் முறைகளில் பிரஸ் 185, ஸ்நாட்ச் 142.5, கிளீன் அண்ட் ஜேர்க் 185, மொத்தம் 512.5 கிலோ. இந்த எண்களை மூன்று மத்தியஸ்தர் பார்த்தார்கள். உலக சாதனை என்றால் தூக்கி முடிந்ததும் கம்பியையும் வட்டுகளையும் மறுபடி நிறுத்துப் பார்ப்பது அக்காலத்து விதி. தூக்கியவரையும் நிறுப்பார்கள்.

1956 நவம்பர் 26இல் மெல்பேர்ணில் நடந்ததுதான் எனக்கு இந்தத் தேடலில் மிகவும் பிடித்தது. அண்டர்சனுக்குக் கடும் காய்ச்சல். காதிலும் தொற்று. உடம்பு இளைத்திருந்தது. எதிரே ஆர்ஜென்ரீனாவின் உம்பேர்ட்டோ செல்வெற்றி. பிரஸ்ஸில் செல்வெற்றி 175, அண்டர்சன் 167.5. ஸ்நாட்சில் இருவரும் 145. கடைசிப் பகுதியில் செல்வெற்றி 180இல் நிறுத்திவிட்டார். அவருடைய மொத்தம் 500. அண்டர்சன் 187.5 தூக்கினால்தான் அவரை எட்ட முடியும். முதல் இரண்டு முயற்சியும் தவறின. மூன்றாவது முயற்சியில் நிறை மேலே நின்றது. இருவருக்கும் 500. சமநிலையென்றால் உடல்நிறை குறைந்தவருக்கே வெற்றி என்பது அன்றைய விதி. அண்டர்சன் 137.9 கிலோ, செல்வெற்றி 143.5. உலகின் ஆகப் பலசாலி என்று பெயரெடுத்தவர் ஒலிம்பிக் தங்கத்தை வென்றது 5.6 கிலோ மெலிந்திருந்ததால்!

அன்றைக்கு ஒரு தராசு இல்லையென்றால் யார் வென்றார் என்றே தெரிந்திராது. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் அடுத்த ஜூன் மாதத்து வரிக்குத் திரும்பினேன்.

அந்த வரியில் அண்டர்சனின் உடல்நிறை 364 இறாத்தல் என்று இருந்தது. 165 கிலோ. மெல்பேர்ணில் நிறுத்ததைவிட 27 கிலோ கூட. இடையில் ஆறரை மாதம். நோயில் இளைத்தவர், இயல்பிலேயே பெருத்த உடம்புக்காரர், சாப்பாட்டுக்கும் பேர்போனவர். ஆகவே நடக்க முடியாததில்லை. பழைய நாட்காட்டியைக் கணக்கிட்டால் 1957 ஜூன் 12 ஒரு புதன்கிழமை. அன்று போட்டி ஏதும் இருந்ததாக வரி சொல்லவில்லை. முட்டுத்தாங்கிகளின் மேலிருந்த பாரத்தை முதுகால் கிளப்பினார் என்று மட்டுமே சொல்கிறது.

இந்த முறையைக் கொஞ்சம் விளக்கவேண்டும். பாரம் ஏற்றிய பலகை மேடை தாங்கிகளின் மேல் இருக்கும். தூக்குபவர் அதன் கீழே நுழைந்து, குனிந்து, கைகளைச் சிறு முக்காலியில் ஊன்றி, முதுகை மேடையின் அடியில் கொடுத்து முழங்காலை நிமிர்த்துவார். மேடை தாங்கியை விட்டு எழும்பினால் போதும். மாஸ்ரருக்கு இதைச் சொன்னபோது, “எங்கடை ஆக்கள் மணலிலை புதைஞ்ச வண்டிலை முதுகு குடுத்துக் கிளப்பிறேல்லையே, அதுதான் இது” என்றார். அதேதான். தொடையும் இடுப்பும் வேலை செய்கின்றன. கை வெறும் முட்டு. எலும்புகள் ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கும் நிலையில் மனித உடல் தாங்கக்கூடிய பாரம் நாம் நினைப்பதைவிடப் பெரிது.

பள்ளிக்கூடப் பௌதிகம் தெரிந்தவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2,844 கிலோவை ஒரு சென்ரிமீற்றர் உயர்த்தச் செய்யும் வேலை ஏறத்தாழ 280 யூல். மெல்பேர்ணில் 187.5 கிலோவை நிலத்திலிருந்து ஏறத்தாழ இரண்டு மீற்றர் உயர்த்தியபோது செய்த வேலை 3,700 யூலுக்குக் கிட்ட. பதின்மூன்று மடங்கு! விசை வேறு, வேலை வேறு என்பது உண்மைதான். முதுகுத்தூக்கலில் அந்த ஒரு கணம் உடல் தாங்கும் விசை பயங்கரமானது. ஆனாலும், புத்தகம் ஆகப்பெரியது என்று தலைப்பிட்ட தூக்கலைவிட, அது அடைமொழியாகச் சுருக்கிய தூக்கலில்தான் கூடுதல் வேலை நடந்திருக்கிறது.

முதுகுத்தூக்கலில் ஏமாற்றும் இடம் நிறையில் மட்டும் இல்லை, மேடையிலும் உண்டு. ஒரு பக்கம் தாங்கியில் பட்டுக்கொண்டிருக்க மறுபக்கம் மட்டும் எழும்பினால் பாரத்தின் ஒரு பகுதியைத் தாங்கியே சுமக்கும். பாரத்தை நடுவில் வைத்தால் ஒரு கணக்கு, ஓரத்தில் வைத்தால் வேறு கணக்கு. எல்லாக் கால்களும் ஒரே நேரத்தில் எழும்பினவா என்று நாலு பக்கத்திலும் ஆள் நின்று பார்க்கவேண்டும். 2,844 கிலோவை நிறுக்க லொறி நிறுக்கும் தராசு வேண்டும். இல்லாவிட்டால் துண்டு துண்டாக நிறுத்துக் கூட்டவேண்டும். கூட்டியிருந்தால் அந்தப் பட்டியல் எங்காவது தாளில் இருக்கவேண்டும். புத்தகத்து வரி ஒரேயொரு கூட்டுத்தொகையைத்தான் தருகிறது.

இந்த வகையில் பழைய பெருந்தூக்கல் கனடாவின் லூயி சீயருடையது. 1895இல் பொஸ்ரனில் பதினெட்டு ஆட்களை மேடையிலேற்றி 4,337 இறாத்தல் தூக்கினார். அதுவும் காட்சிமேடைச் சாதனைதான். ஆனால் காசு கொடுத்து உள்ளே வந்த சனத்தின் முன்னால், ஊர்ப் பத்திரிகைகள் பார்க்க நடந்தது. சீயருக்கும் அண்டர்சனுக்கும் இடையில் 1,933 இறாத்தல் பாய்ச்சல். நூறு இறாத்தலுக்கே மல்லுக்கட்டும் துறையில் இப்படி ஒரு பாய்ச்சலுக்குக் காகிதம் கேட்காமல் இருக்கமுடியுமா? அமெரிக்காவின் பளுதூக்கல் வரலாற்றாளர்கள் கேட்டார்கள். ரெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் ரொட், ரெரி ரொட் தம்பதியர் கட்டியெழுப்பிய சேகரமும், அவர்கள் 1990இலிருந்து நடத்திய ஆய்விதழும் இத்துறையில் கதை வேறு சான்று வேறு என்று பிரிக்கும் பழக்கத்தை வளர்த்தன. அந்த இதழ்கள் இணையத்தில் இலவசம். யாழ்ப்பாணத்திலிருந்து வாசிக்க ஒரு கைபேசி போதும்.

அந்த வரி எப்படி அவ்வளவு காலம் நின்றது என்பதுதான் எனக்கு நீக்கப்பட்டதைவிடச் சுவையான கேள்வி.

ஒரு பாதி விடை புத்தகத்தின் பிறப்பில் இருக்கிறது. கின்னஸ் மதுவடிசாலையின் நிர்வாகி ஹியூ பீவர் 1951இல் அயர்லாந்தில் வேட்டைக்குப் போன இடத்தில், ஐரோப்பாவில் வேட்டையாடப்படும் பறவைகளில் வேகமானது எது என்ற வாக்குவாதம் எழுந்தது. மதுக்கடை வாக்குவாதங்களைத் தீர்க்க ஒரு புத்தகம் வேண்டும் என்ற எண்ணம் அதில் பிறந்தது. நொறிஸ், ரொஸ் மக்வேர்ட்டர் என்ற இரட்டையர் துறைவல்லவர்களுக்குக் கடிதம் எழுதித் தகவல் திரட்டினார்கள். 1955இல் முதற் பதிப்பு வந்தது. அண்டர்சன் மொஸ்கோவில் நின்ற அதே ஆண்டு. அப்படிப்பட்ட புத்தகத்தில் ஒரு வரி ஒருமுறை ஏறிவிட்டால், அதை மறுக்க ஆள் வரும்வரை அது அடுத்த பதிப்புக்கும் அப்படியே போகும்.

மற்றப் பாதி அமெச்சூர் விதியில் இருக்கிறது. மெல்பேர்ணுக்குப் பிறகு அண்டர்சன் தொழில்முறைக் காட்சிகளுக்கும் மல்யுத்தத்துக்கும் குத்துச்சண்டைக்கும் போனார். காசு வாங்கியவர் அமெச்சூர் அல்லர் என்பதால் 1960 ரோம் ஒலிம்பிக்கின் கதவு சாத்தப்பட்டது. அங்கே சோவியத்தின் யூரி விளாசொவ் 537.5 கிலோ மொத்தத்தோடு தங்கம் எடுத்தார். காசு வாங்கிய நாளிலிருந்து அண்டர்சன் தூக்கிய எதற்கும் பளுதூக்கல் சம்மேளனத்தின் மத்தியஸ்தர் இல்லை, தராசும் இல்லை. இருபத்துநான்கு வயதில் அவருடைய காகிதம் நின்றுவிடுகிறது, கதைகள் தொடங்குகின்றன. அவர் பொய்யர் என்று நான் எழுதமாட்டேன். விடாலியாவில் 1961இல் மனைவியோடு சேர்ந்து, சிறை செல்லவேண்டிய இளைஞருக்கு இல்லம் தொடங்கி, அதற்குக் காசு சேர்க்க ஊர் ஊராகப் பாரம் தூக்கிக்காட்டிய மனிதர் அவர். 1994இல் இறந்தார். ஆனால் காட்சிமேடையில் பாரத்தின் எண் அறிவிப்பாளரின் வாயிலிருந்து வருகிறது. அதை ஒலிம்பிக் எண்ணோடு ஒரே பக்கத்தில் அச்சிட்டது புத்தகத்தின் குற்றம்.

இதை எழுதும்போது ரொம்மி கோனோவை விட்டுப்போக மனம் வரவில்லை. என் மதிப்பில் அண்டர்சனைவிடப் பெரிய பளுதூக்கல் வீரர் அவர்தான். யப்பானிய வம்சாவளி அமெரிக்கர். இரண்டாம் உலகப்போரில் குடும்பத்தோடு கலிபோர்னியாவின் ரூலி லேக் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டார். இழுப்பு நோய்க்காரப் பொடியன் பாரம் தூக்கப் பழகியது முட்கம்பி வேலிக்குள்தான். முகாம் என்றால் என்ன என்று எங்கள் வாசகருக்கு நான் விளக்கத் தேவையில்லை. 1952இல் 67.5 கிலோப் பிரிவிலும் 1956இல் 82.5 கிலோப் பிரிவிலும் ஒலிம்பிக் தங்கம். 1960இல் 75 கிலோப் பிரிவில் வெள்ளி. நான்கு உடல்நிறைப் பிரிவுகளில் உலக சாதனை. ஒவ்வொன்றுக்கும் திகதி, மேடை, மத்தியஸ்தர் உண்டு. அவருக்கு அடைமொழி தேவைப்படவில்லை.

அண்டர்சனின் இடத்துக்கு வந்த எண்ணுக்குத் திரும்புவோம். 1993 ஜூலை 28இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் கிரெக் ஏர்ன்ஸ்ற் என்ற விவசாயி இரண்டு கார்களைச் சாரதிகளோடு மேடையில் ஏற்றி முதுகால் தூக்கினார். 5,340 இறாத்தல், 2,422 கிலோ. காரை நிறுக்கலாம். சாரதியையும் நிறுக்கலாம், பிறகு சாட்சிக்கும் கூப்பிடலாம். அண்டர்சனின் எண்ணைவிட 930 இறாத்தல் குறைந்த இந்த எண்தான் பின்னர் புத்தகத்தில் ஏறியது.

இனி ஆனந்தன். 1971இல் மன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி, திரும்பியும் நீந்தி, 51 மணித்தியாலத்தில் பாக்குநீரிணையை இருவழியும் கடந்தவர் என்றுதான் அவரை எங்களுக்குத் தெரியும். 1954இல் வல்வெட்டித்துறைக் கரையிலிருந்து கோடிக்கரைக்கு நீந்திய நவரத்தினசாமியின் வழியில் வந்தவர். பின்னாளில் அவர் கரையிலும் சாதனை செய்யத் தொடங்கினார். 1980 மே மாதம் கொழும்பில் ஒற்றைக் காலில் 33 மணித்தியாலம் நின்றார். தூக்கிய காலை ஊன்றிய காலில் சாய்க்கக் கூடாது, எந்தப் பொருளையும் பிடிக்கக் கூடாது என்று புத்தகம் விதியையும் சேர்த்தே அச்சிட்டிருந்தது. அண்டர்சனின் வரிக்கு இல்லாத வசதி அது. விதி தெரிந்தால் இன்னொருவர் முயன்று பார்க்கலாம்.

முயன்றும் பார்த்தார்கள். மாஸ்ரரின் அடுத்த பதிப்பைத் திறந்தால் அந்த வரியில் ஆனந்தன் இல்லை. 1982 ஏப்ரல் 17, 18ஆம் திகதிகளில் 34 மணித்தியாலம் நின்ற ந. ரவி, சத்தியமங்கலம், தமிழ்நாடு என்று இருந்தது.

“ஒரு மணித்தியாலந்தானே கூட!” என்று மாஸ்ரர் கோபப்பட்டார். அண்டர்சனின் வரி போனதற்கு அவருக்கு இவ்வளவு கோபம் வரவில்லை.

பின்னர் அது வேறு கைகளுக்கும் போய், 1997 மே 22 முதல் 25 வரை கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவில் 76 மணித்தியாலம் 40 நிமிடம் நின்ற அருளானந்தம் சுரேஷ் யோக்கிமிடம் வந்தது. அமெரிக்கப் பலசாலியின் வரி யாராலும் தொடப்படாமல் இருபது ஆண்டுக்கு மேல் அசையாமல் கிடந்து ஒருநாள் அழிக்கப்பட்டது. ஒற்றைக் கால் வரியோ பதினேழு ஆண்டுக்குள் கைமாறிக் கைமாறி இரட்டிப்புக்கு மேல் வளர்ந்தது. முறியடிக்கப்பட்ட ஆனந்தனின் 33ஐ நான் சந்தேகமின்றி என் சான்று அட்டவணையில் ஏற்றினேன். அடுத்தவர் 34 நின்று அதைச் சரிபார்த்துவிட்டார். அண்டர்சனுக்கு மொஸ்கோவின் 182.5, மியூனிச்சின் 512.5, மெல்பேர்ணின் 500 ஆகியவை என் அட்டவணையில் இருக்கின்றன. 2,844க்கு நேரே, புத்தகக் கூற்று என்று குறித்திருக்கிறேன்.

ஆனந்தன் 1984 ஓகஸ்ட் 6இல் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்கும் முயற்சியில் இறந்தார். அவர் பெயரைப் பழைய பதிப்புகளில் தேடப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. வல்வெட்டித்துறை என்றோ யாழ்ப்பாணம் என்றோ பார்த்துக்கொண்டு போனால் அகப்படமாட்டார். வி. எஸ். குமார் ஆனந்தன், கொழும்பு, இலங்கை என்றுதான் அவர்கள் அச்சிட்டிருக்கிறார்கள்.